பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

கோலசிலாங்கூர்
5 மே 2025

பெறுநர்:
தலைவர், மின்தரவுப் பரிமாற்றத் திட்டம்,
காப்புறுதித் தலைமையகம், கோலாலம்பூர்

மதிப்புமிகு அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். இது என்னுடைய ஐந்தாவது முறையீடு. முதல் நான்கையும் உங்கள் நிறுவனத்தின் உதவி மேசைக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். நான்குக்கும் அரை நிமிடத்தில் பதில் வந்தது. உங்கள் சிக்கல் தீர்ந்தது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். என் சிக்கல் தீரவில்லை. ஆகவே தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதினால் உங்கள் உதவியாளர் பிரித்துப் படித்துவிட்டு, திரும்பவும் அதே உதவி மேசைக்கு அனுப்பிவிடுவார். தமிழென்றால் நீங்களே படித்தாக வேண்டும். புதிய முறை பற்றி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின் அடியில் இருந்த கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து.

விஷயம் இதுதான். நான் இங்கே ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் காப்புறுதி முகப்பைப் பார்த்துக்கொள்கிறேன். நோயாளியைச் சேர்க்கும் முன், செலவை நீங்கள் ஏற்பதாக உங்களிடமிருந்து உத்தரவாதக் கடிதம் வாங்குவது என் வேலை. ஏப்ரல் முதல் தேதி உங்கள் புதிய முறை வந்தது. ஏப்ரல் முப்பதோடு தொலைநகல் எண்ணையும் மூடிவிட்டீர்கள். இந்த ஒரு மாதத்தில் நாற்பத்தொரு பேருக்கு விண்ணப்பம் அனுப்பினேன். பதினேழு பேருக்கு 'இப்படி ஓர் உறுப்பினர் இல்லை' என்று திரும்பி வந்தது. பதினேழு பேரும் தமிழர்கள். மற்றவர்கள் எல்லாரும் ஒழுங்காகப் போய் வருகிறார்கள்.

அந்தப் பதினேழு பேரில் ஒருவர் சன்னாசி. செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். ஐம்பத்திரண்டு வயது. குடலிறக்க அறுவைக்கு மே 20 நாள் குறித்திருக்கிறது. அதற்குள் கடிதம் வேண்டும்.

இது அலுவல் கடிதம். சொந்த விசாரிப்பு எதுவும் இதில் இல்லை.

இப்படிக்கு,
புஷ்பா


கோலாலம்பூர்
9 மே 2025

அன்புள்ள புஷ்பா,

'மதிப்புமிகு அம்மையார்' என்று படித்தவுடன் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஏழு வருஷம் ஆகிறது. உன் எண்ணுக்கு எத்தனை முறை அழைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மணிகூட அடிக்காது. என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. சரி, நீ சொந்த விசாரிப்பு வேண்டாம் என்கிறாய். நானும் அலுவல் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் எழுதியே பல காலம் ஆகிறது. பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிடாதே.

முன்பெல்லாம் நீ தொலைநகல் அனுப்பினால் இங்கே ஒருவர் அதை எடுத்து, கண்ணால் படித்து, கணினியில் தட்டி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்புவார். நாலு மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் திங்கட்கிழமைதான். இப்போது உங்கள் கணினியும் எங்கள் கணினியும் நேராகவே பேசிக்கொள்கின்றன. பதினொரு விநாடியில் பதில். இந்தப் பதினொரு விநாடிக்காக நான் இரண்டு வருஷம் உழைத்திருக்கிறேன். இருநூறு பெயர்களை வைத்துச் சோதித்தோம், எல்லா இனத்துப் பெயர்களும் அதில் இருந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அதனால் கோபித்துக்கொள்ளாதே, உங்கள் பக்கத்தில் தட்டச்சுப் பிழை இருக்கலாம். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை அடிக்கிறீர்களா என்று ஒருமுறை பார். ஓர் எழுத்து மாறினாலும் எங்கள் கணினி ஏற்காது. இரண்டு பேருடைய அட்டை எண்கள் குழம்பிப்போன பழைய கதைகள் நிறைய உண்டு. அதனால் எண், பெயர் இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று நான்தான் விதி வைத்தேன்.

அப்பா நலம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அன்புடன்,
நிருபா


கோலசிலாங்கூர்
14 மே 2025

நிருபா,

தட்டச்சுப் பிழை என்று எழுதியிருக்கிறாய். பதினாலு வருஷமாக இதே முகப்பில் பெயர் அடிக்கிறேன். பதினேழு தமிழர்களுக்கு மட்டும் என் விரல் வழுக்குமா?

உன் கடிதம் வந்த அன்று சன்னாசியும் அவர் மனைவி வேலம்மாவும் என் முகப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். 'இல்லை' என்று திரும்பி வந்ததை மூன்றாவது முறையாகச் சொன்னேன். வேலம்மா எழுந்து வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, மாசா மாசம் சம்பளத்துல பிடிக்கிறப்பல்லாம் இவரு யாருன்னு தெரிஞ்சிச்சு. இப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தா மட்டும் தெரியலயாமா?"

சன்னாசி அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டே சிரித்தார். "விடு லா. கம்ப்யூட்டருக்கு நம்ம மேல என்னா கோவமோ."

"நீங்க சிரிக்காதீங்க. சிரிச்சா அது வெளிய வருதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லயா?"

இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தேன். சன்னாசியின் பெயரைப் பதினொரு விதமாக அடித்துப் பார்த்தேன். அடையாள அட்டையில் உள்ளபடி 'சன்னாசி ஏ/எல் இருளாண்டி': இல்லை. கோட்டுக்கு முன்னால் இடம் விட்டு: இல்லை. அப்பா பெயர் மட்டும்: இல்லை. கடைசியில், கோட்டிலிருந்து பின்னால் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு 'சன்னாசி ஏ' என்று அடித்தேன். உன் பதினொரு விநாடிகூட ஆகவில்லை. 'வணக்கம், உறுப்பினர் உறுதி செய்யப்பட்டார்' என்று பச்சை விளக்கு எரிந்தது.

மற்ற பதினாறு பேரையும் அப்படியே அடித்துப் பார்த்தேன். எல்லாரும் இருக்கிறார்கள். புவனேஸ்வரி ஏ. குகன் ஏ. எல்லாரும் 'ஏ'.

ஆக, உன் கணினி எங்களை அந்தச் சாய்கோட்டில் வெட்டிவிடுகிறது. 'ஏ/எல்' என்றால் மலாயில் அனாக் லெலாக்கி, இன்னாருடைய மகன் என்று பொருள். 'ஏ/பி' என்றால் மகள். இதை உன் பொறியாளர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது.

'அப்படியே அடித்து அனுப்பிவிடேன்' என்று சொல்லிவிடாதே. அது அவர் பெயர் இல்லை. கையில் கட்டும் பட்டையில் ஒரு பெயர், கடிதத்தில் வேறு பெயர் என்றால் அறுவை அறைத் தாதி உள்ளே விடமாட்டார். விடக்கூடாது.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. இருநூறு பெயர் வைத்துச் சோதித்தேன் என்றாயே, அதில் தமிழ்ப் பெயர்கள் யார் வீட்டுப் பெயர்கள்?

புஷ்பா


கோலாலம்பூர்
19 மே 2025

அன்புள்ள புஷ்பா,

என் வீட்டுப் பெயர்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். தமிழ்ப் பெயர்கள் வேண்டும் என்று கேட்டபோது, ஒரு மத்தியானம் நான்தான் அவசரமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிருபா வைரவநாதன், தம்பி நிமலன் வைரவநாதன், சித்தி தங்கரத்தினம், இப்படிப் பதினெட்டு. எங்கள் வீட்டில் யார் பெயரிலும் அந்தக் கோடு கிடையாது. எங்கள் பாட்டனார் காலத்திலேயே பதிவில் விட்டுவிட்டார்களாம். பள்ளியில் உன் பெயருக்கு நடுவில் ஆறு வருஷம் அந்தக் கோட்டைப் பார்த்தவள் நான். ஆனாலும் என் நினைவுக்கு வரவில்லை.

எங்கே தவறு என்று பிடித்துவிட்டோம். எங்கள் பழைய கோப்புகளில் ஒரு விவரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் காட்டச் சாய்கோடுதான் போடுவார்களாம், இருபத்தைந்து வருஷப் பழக்கம். அந்தக் கோப்புகளைப் புதிய முறைக்கு மாற்றும் நிரல், பெயருக்குள் இருக்கும் கோட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டது. முன்பு தொலைநகலைப் படித்தது மனிதக் கண் என்பதால் யாருக்கும் இது தெரியவில்லை.

பதிவேட்டில் ஒற்றை 'ஏ'யில் முடியும் பெயர்களை எண்ணச் சொன்னேன். முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

இன்று காலை மேலாளர் சிவானந்தத்திடம் போனேன். ஆகஸ்ட் வரைக்கும் இன்னும் முப்பது மருத்துவமனைகள் இணைகின்றன, செப்டம்பருக்கு முன்னால் யாரும் நிரலில் கை வைக்கக்கூடாது என்பது அவர் உத்தரவு.

"சின்ன விஷயம்தானே நிருபா. செப்டம்பர்ல பாத்துக்கலாம்."

"சார், உங்க பேரைத் தட்டிப் பாக்கலாமா?"

தட்டினோம். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர். 'இப்படி ஓர் உறுப்பினர் இல்லை.' பிறகு 'சிவானந்தம் ஏ' என்று அடித்தேன். பச்சை விளக்கு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எங்கப்பா எங்க?" என்றார்.

ஜூன் 15க்குள் சரி செய்ய அனுமதி வாங்கிவிட்டேன். ஆனால் நாளைய அறுவைக்கு அது உதவாது என்று தெரியும், அதனால் இந்தக் கடிதத்தை இன்றே படமெடுத்து மருத்துவமனை மின்னஞ்சலுக்கும் அனுப்புகிறேன். தள்ளிப்போட முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார். இடையில் அவசரம் வந்தால் என்னை அழை. அழைக்க முடியுமென்றால்.

இனி ஒரு சொந்த விசாரிப்பு. 2018 மார்ச் மாதம், எங்கள் அலுவலகத்தில் உனக்கு நேர்காணல். என்னோடு மின்தூக்கியில் ஏறினாய். ஒன்பதாம் மாடியில் நான் இறங்கித் திரும்பிப் பார்த்தால் நீ இல்லை. நேர்காணலுக்குத்தான் போயிருப்பாய், முடிந்ததும் வருவாய் என்று நம்பி, கீழே உணவகத்தில் இரண்டு தட்டு மீ கோரெங் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது புஷ்பா?

நிருபா


கோலசிலாங்கூர்
23 மே 2025

நிருபா,

முதலில் அலுவல். அறுவையை ஜூன் 17க்குத் தள்ளி வைத்திருக்கிறோம். பாரம் தூக்கக்கூடாது, டிராக்டர் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சன்னாசி சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நேற்றுத் தஞ்சோங் காராங் வாய்க்கால் ஓரமாக மோட்டாரில் வரும்போது பார்க்கிறேன், எதிரே அவர் டிராக்டரில் வருகிறார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை வயிற்றில். நிறுத்தித் திட்டினேன். "ஓட்டல லா, சும்மா பக்கத்து டிவிஷன்ல விடப் போறேன்" என்கிறார். அந்தக் கட்டி எப்போது முறுக்கிக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. முறுக்கிக்கொண்டால் குடல் அழுகிவிடும், சில மணி நேரம்தான் இருக்கும் என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். நீங்கள் சரி செய்யும்போது கோடு ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. பழைய அட்டையில் 'எஸ்/ஓ' என்று இருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்பா பெயரே இல்லாமல் ஒற்றைப் பெயரில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். உன் திரையில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்களில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் உண்டு. எங்கள் தோட்டத்தில் மட்டும் மூன்று சன்னாசி. பிறப்புப் பத்திரத்தில் ஒரு 'எஸ்', அட்டையில் இரண்டு 'எஸ்' என்று திரிபவர்கள் ஏராளம். முப்பத்தாறு பெயர்கள் எழுதியிருக்கிறேன். ஆட்கள் என் கற்பனை, சிக்கல்கள் நிஜம். வைத்துச் சோதித்துப் பாருங்கள். இனாம்.

இனி நீ கேட்டது.

அந்த மின்தூக்கியில் உன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணும் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு உன்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், யார் இவர் என்று. நீயும் ஆங்கிலத்தில் சொன்னாய். 'எங்கப்பா ஆபீஸ் கிராணியா இருந்த ரப்பர் தோட்டத்துல இவங்கப்பா பால்மரம் வெட்டினவர். நல்ல மாதிரி ஆளுங்க.' அதற்குள் ஒன்பதாம் மாடி வந்துவிட்டது.

நான் ஓர் அடி தூரத்தில் நின்றிருந்தேன் நிருபா. எனக்கு ஆங்கிலம் தெரியும். அதே பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்ததுதான். அப்பா பால்மரம் வெட்டியது எனக்கு வெட்கமில்லை. சிநேகிதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது சின்ன வார்த்தை, ஒன்பது மாடியில் ஒரு மாடிக்குள் சொல்லி முடித்திருக்கலாம்.

கதவு மூடியது. நான் உள்ளேயே நின்றேன், அது என்னைக் கீழே கொண்டுவந்து விட்டது. பேருந்து ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மீ கோரெங் விஷயம் எனக்குத் தெரியாது.

புஷ்பா


கோலாலம்பூர்
27 மே 2025

அன்புள்ள புஷ்பா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிவிட்டேன். முதல் தாளில், சிநேகிதி என்று சொன்னால் சிபாரிசு என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் அப்படிச் சொன்னேன் என்று எழுதினேன். அது பொய். கிழித்துவிட்டேன். இரண்டாவதில், எனக்கு நினைவில்லை என்று எழுதினேன். அதுவும் பொய். நீ எழுதியதைப் படித்த உடனே அந்தப் பெண்ணின் முகம், அவள் போட்டிருந்த தோடு முதற்கொண்டு நினைவுக்கு வந்துவிட்டது.

சொன்னேன். நான் அங்கே சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய அப்பா பெரிய வழக்கறிஞர். என் அப்பாவும் ஒரு கிராணி, நாங்களும் மதிப்பான ஆட்கள்தான் என்று அவளுக்குத் தெரியவேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்கு உன்னை ஏணியாகப் போட்டேன். நீ கேட்டுக்கொண்டு நின்றாய் என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். பதில் சொல்ல அவசரம் இல்லை.

உன் தாளைப் பற்றி. எங்கள் பொறியாளர் தனேஷ் அதைப் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறான். "இத எழுதினவங்க எந்த கன்சல்டன்ட்?" என்று கேட்டான். கோலசிலாங்கூரில் ஒரு மருத்துவமனை முகப்பு என்றேன். "இவ்ளோ நாளா அவங்க எங்க இருந்தாங்கக்கா?" என்றான். உன் முப்பத்தாறு பெயர்களில் முதல் நாள் எட்டுதான் தேறின. நேற்று இருபத்தொன்பது. குடும்பப் பெயர்க் கட்டத்தை எடுத்துவிட்டோம்.

சன்னாசியிடம் டிராக்டர் சாவியை வாங்கி வைக்க முடியாதா?

நிருபா


கோலசிலாங்கூர்
31 மே 2025

நிருபா,

நேற்று முன்தினம்தான் பேசினோமே, இது எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பாதிக் கதையைத்தான் கேட்டாய். மீதியைச் சொல்ல விடாமல் 'சரி சரி, வை' என்று வைத்துவிட்டாய். கடிதமென்றால் முடியும் வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குத் தோட்டத்து வேனில் சன்னாசியைக் கொண்டுவந்தார்கள். முகம் வெளுத்து, வியர்த்து, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கட்டி கல் மாதிரி ஆகிவிட்டது. வேலம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும் என்றார். எங்கள் நிர்வாகி திவாகரன் என்னிடம் ஓடி வந்தார்.

"லெட்டர் இருக்கா புஷ்பா?"

"இல்ல சார்."

"அப்ப அம்புலன்ஸ்ல கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம். இங்க வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?"

"போற நேரம், அங்க காத்திருக்கிற நேரம் எல்லாம் சேத்தா என்ன ஆகும் சார்? பத்து நிமிஷம் குடுங்க."

திரையில் 'சன்னாசி ஏ' என்று அடித்தேன். விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தினால் பச்சை விளக்கு. அப்புறம் அறுவை அறை வாசலில் பட்டைப் பெயரும் கடிதப் பெயரும் ஒத்துப்போகாமல் நிற்க வேண்டும். அழித்துவிட்டேன். கைப்பேசியை எடுத்துத் தடுத்து வைத்திருந்த எண்களின் பட்டியலைத் திறந்தேன். அதில் இரண்டே எண்கள். ஒன்று கடன் தருகிறேன் என்று தொல்லை செய்பவன். மற்றது நீ. விடுவித்து அழைத்தேன்.

நீ ஹலோகூடச் சொல்லவில்லை. "சன்னாசியா?" என்றுதான் கேட்டாய்.

அது எனக்குப் போதும் நிருபா. உன் மூன்றாவது தாளுக்கு அதுதான் பதில்.

பத்து ஐந்துக்கு உன் கடிதம் படமாக வந்தது. பேனாவால் எழுதிய உத்தரவாதக் கடிதத்தை நான் இந்தப் பதினாலு வருஷத்தில் பார்த்ததில்லை. முழுப் பெயர், அட்டை எண், நடுவில் கொட்டை எழுத்து அளவுக்கு ஒரு சாய்கோடு. திவாகரன் இரண்டு முறை படித்தார். "யாரு கையெழுத்து இது?" என்றார். "என் சிநேகிதி" என்றேன். உடனே தலைமையகத்துக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டார், அது அவர் வேலை.

குடல் பிழைத்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஒரு முழ நீளம் வெட்டியிருக்க வேண்டும் என்றார் மருத்துவர். சன்னாசி கண் விழித்ததும் வேலம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, டிராக்டரை யார் ஓட்டுகிறார்கள் என்பது. வேலம்மாவுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. அடுத்த அரை மணி நேரம் அந்த வார்டில் யாரும் தூங்கவில்லை.

புஷ்பா


கோலாலம்பூர்
9 ஜூன் 2025

அன்புள்ள புஷ்பா,

என் பக்கத்துக் கதையையும் கேட்டுக்கொள். நீ அழைத்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். உன் எண் திரையில் வந்ததும் அப்படியே எழுந்து வெளியே வந்துவிட்டேன். முப்பது மருத்துவமனை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ என்னைக் கூப்பிடுகிறாய் என்றால் அது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

கைப்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. கணினி கடிதம் அடிக்காது. சிவானந்தம் சாரும் அதே கூட்டத்தில் இருந்தார். நான் வெறும் தாளை எடுத்து எழுதத் தொடங்கியதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"மே 20 ஆள் சார். முறுக்கிக்கிச்சு."

அவர் பேனாவை வாங்கித் தன் கையெழுத்தையும் என் கையெழுத்துக்குக் கீழே போட்டார். அப்புறம் பத்து நிமிடம் என்னைத் திட்டினார், விதி மீறல் என்று. திட்டி முடித்துவிட்டு, "கோட்ட ஒழுங்கா போட்டீங்களா?" என்று கேட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை புதிய நிரலை ஏற்றினோம். முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அப்பா பெயர் திரும்பி வந்துவிட்டது. உன் தாளில் முப்பத்தாறுக்கு முப்பத்தாறு. கடைசிப் பெயர் தேறியபோது தனேஷ் மேசை மேல் ஏறி நின்றான். எனக்கும் ஏறத் தோன்றியது, சேலை கட்டியிருந்தேன்.

இனி ஒரு வேண்டுகோள், இது அலுவல் முறைப்படி. இந்தத் திட்டத்துக்கு ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அதில் மருத்துவமனை இயக்குநர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐந்து பேரும் ஒரு நோயாளியின் பெயரைக்கூடத் தங்கள் கையால் அடித்தவர்கள் இல்லை. முகப்பில் இருந்து ஒருவர் வேண்டும் என்று கேட்டேன், சிவானந்தம் சார் ஒப்புக்கொண்டார். உன் பெயரைக் கொடுக்கட்டுமா? மாதம் ஒரு கூட்டம். உன் நேரத்துக்கு ஊதியம் உண்டு, இனி எதுவும் இனாம் இல்லை.

ஒன்பதாம் மாடிக்கு வர மனமில்லை என்றால் சொல், புரிந்துகொள்வேன்.

நிருபா


கோலசிலாங்கூர்
7 ஜூலை 2025

அன்புள்ள நிருபா,

சென்ற வாரம் நீங்கள் எல்லாரும் வந்து போனதிலிருந்து இந்த மருத்துவமனையில் என் மதிப்பு கூடிவிட்டது. கூட்டத்தை இங்கே வைத்தால்தான் வருவேன் என்று நான் விளையாட்டாகத்தான் எழுதினேன். ஐந்து இயக்குநர்களும் காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள் என்று நினைக்கவே இல்லை. திவாகரன் அன்று காலையில் என் நாற்காலியை மாற்றிவிட்டார். பதினாலு வருஷமாக ஒரு பக்கம் சாய்ந்த நாற்காலி அது.

இயக்குநர்களை முகப்பில் உட்கார வைத்து ஆளுக்கு மூன்று நோயாளிகளைப் பதிவு செய்யச் சொன்னாய் பார், அதுதான் உன் திட்டத்திலேயே சிறந்த பகுதி. அந்தப் பெரியவர் 'கட்டாயம் நிரப்பவும்' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்துத் தானே கோபப்பட்டதை வேலம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். சன்னாசியின் மறுபரிசோதனைக்குக் கூட வந்தவர், முழுக் காட்சியையும் பார்த்துவிட்டுத்தான் போனார். சன்னாசிக்கு இன்னும் ஒரு மாதம் டிராக்டர் கிடையாது. சாவி வேலம்மாவின் சுருக்குப் பையில் இருக்கிறது.

பாசிர் பெனம்பாங்கில் சாப்பிட்ட நண்டின் காரம் தனேஷுக்கு இறங்கிவிட்டதா? உறைப்பு வேண்டாம் என்று நான் மூன்று முறை சொன்னேன், 'நான் தாங்குவேன்க்கா' என்றான். நீயும்தான் அவனைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாய். ஆற்றோரத்தில் நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது பேசியாகிவிட்டது.

இப்போது அலுவல். குழு உறுப்பினர் என்ற முறையில் என் முதல் புகார்.

சனிக்கிழமை ஷாமளா என்ற பெண்ணுக்கு இங்கே பிரசவம். கணவர் செல்வா சுங்கை பஞ்சாங்கில் அரிசி ஆலை லோரி ஓட்டுகிறார். இரட்டைக் குழந்தைகள், இரண்டும் பெண். அம்மாவுக்கு உத்தரவாதக் கடிதம் ஒன்பதே விநாடியில் வந்தது. அப்பா பெயர், கோடு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. குழந்தைகளுக்கு லேசான மஞ்சள் காமாலை, இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைக்க வேண்டும். அதற்கும் விண்ணப்பித்தேன். பிறந்த குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை அல்லவா, 'ஷாமளாவின் குழந்தை' என்றுதான் பதிய வேண்டும். முதல் குழந்தைக்குப் பச்சை விளக்கு. இரண்டாவதுக்கும் அதே தேதி, அதே அம்மா, அதே பெயர். 'இந்த உறுப்பினர் ஏற்கெனவே பதிவாகியுள்ளார்' என்று திரும்பிவிட்டது.

செல்வா என் முகப்பில் வந்து நின்று கேட்டார்.

"அக்கா, ரெண்டு இருக்குது. கையில தூக்கிக் காட்டவா?"

பயப்படாதே, இரண்டும் விளக்கின் கீழ்தான் தூங்குகின்றன. திவாகரன் இந்த முறை என்னிடம் கடிதம் கேட்கவே இல்லை. 'உங்க சிநேகிதி பாத்துப்பாங்கல்ல' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தனேஷையும் கூட்டிக்கொண்டு சீக்கிரம் வந்து சேர். இரண்டாவது குழந்தை உங்கள் கணினியில் இன்னும் பிறக்கவில்லை.

அன்புடன்,
உன் புஷ்பா